பழைய பெட்ரோமாக்ஸ், கேம்பிங் லைட்டுகளை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

மதுரையில் பழைய பம்பு லைட்டுகளைப் புதுசாக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு கடையில் இரண்டு லைட் கொடுத்தேன். பணம் போனது, ஒரிஜினல் பாகங்கள் போயின, அதற்கும் மேலே, சிவராத்திரி அன்று குலதெய்வம் கோயிலில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் லைட் தீப்பிடித்தது. கடையின் பெயரையும் தெருவையும் நான் எழுதப் போவதில்லை. அங்கே என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை எழுதுகிறேன். பழைய சாமான் மேல் மக்களுக்கு இப்போது திடீரென்று ஆசை வந்திருக்கிறது, மலைக்குப் போகிறவர்களும் இந்த லைட்டுகளைத் தேடுகிறார்கள், அதனால் இதே வேலையைச் செய்யும் இன்னும் நாலு பேர் கட்டாயம் இருப்பார்கள்.

முதல் லைட் எங்கள் தாத்தாவுடையது. உசிலம்பட்டிப் பக்கம் ஊர். கரண்ட் வராத காலத்தில் கல்யாணத்துக்கும் வள்ளி திருமணம் நாடகத்துக்கும் அவர் லைட் வாடகைக்கு விட்டவர். மற்றதெல்லாம் காலப்போக்கில் போய், அசல் ஜெர்மன் பெட்ரோமாக்ஸ், 829 மாடல், ஒன்றே ஒன்று மிஞ்சியது, 500 கேண்டில் பவர். பெர்லினில் மாக்ஸ் கிரெட்ஸ் நடத்திய கம்பெனியின் சரக்கு. நம் ஊரில் யார் செய்த பம்பு லைட்டாக இருந்தாலும் பெட்ரோமாக்ஸ் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அசலுக்கும் நகலுக்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்தாலே தெரியும். தாத்தா அதன் டேங்கிலும் மேல் மூடியிலும் வெண்கலப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற ஆளிடம் கொடுத்து "வீ.பெ." என்று வெட்டி வைத்திருந்தார். வாடகைக்குப் போகிற சாமான் மாறிவிடக் கூடாது என்பதற்காக. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கொடைக்கானலில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது நான் வாங்கிய அமெரிக்கக் கோல்மேன் 200ஏ. சிவப்பு மூடி, ஒற்றை மேண்டில் (சூட்டில் ஒளிவிடும் துணி வலை). டேங்கின் அடியில் செய்த மாதமும் வருடமும் குத்தியிருக்கும். சிறுமலை, மேகமலை என்று போகும்போது எடுத்துப் போகலாம் என்று வாங்கினேன்.

இரண்டிலும் பெரிய கோளாறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பெட்ரோமாக்ஸில் பம்பு காற்றுப் பிடிக்கவில்லை, தோல் வாசர் காய்ந்திருந்தது. கோல்மேனில் ஜெனரேட்டர், அதாவது எரிபொருளை ஆவியாக்கும் குழாய், அடைத்திருந்தது. கடைக்காரர் வாங்கிப் பார்த்தார், மேலும் கீழும் திருப்பினார். "தம்பி, ரெண்டும் செத்த சாமான். ஆனா நம்ம கிட்ட வந்துருச்சுல்ல, கல்யாண மாப்பிள்ளை கணக்கா ஆக்கித் தாறேன்" என்றார். இரண்டுக்கும் சேர்த்து 4,500 ரூபாய், முன்பணம் 2,000. பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் "லைட் 2" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். நான் கொடுப்பதற்கு முன் இரண்டையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், காற்றழுத்தம் காட்டும் கேஜ், கண்ணாடி, ஆவி சீறும் நிப்பிள் எல்லாமே தெரியும்படி. தாத்தா சாமான் என்பதால் எடுத்தது. அதுதான் பின்னால் உதவியது.

அப்புறம் வழக்கமான கதை. போன் போட்டால் "ஸ்பேரு வரணும்ணே ஜெர்மனில இருந்து" என்று அங்கே நின்ற பையன் சொல்வான். நேரில் போனால் கடைக்காரர் டீ குடிக்கப் போயிருப்பார். சிவராத்திரி நெருங்கியதும் நான் போய் உட்கார்ந்துவிட்டேன், அன்றைக்கே கொடுத்தார். தொகை மட்டும் 6,800 ஆகியிருந்தது. இம்போர்ட்டட் மேண்டில், இம்போர்ட்டட் கண்ணாடி, பாலிஷ் என்று கணக்குச் சொன்னார். பெட்ரோமாக்ஸ் தங்கம் மாதிரி மின்னியது. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது, ஏனென்றால் தாத்தாவின் லைட் வெள்ளையாக, நிக்கல் முலாம் பூசியது. பஃபிங் மெஷினில் கொடுத்து முலாம் மொத்தத்தையும் சுரண்டி எடுத்து, உள்ளே இருந்த பித்தளையைக் காட்டிவிட்டார். டேங்கில் வெட்டிய "வீ.பெ." விரலால் தடவினால் லேசாகத் தட்டுப்படும், அவ்வளவுதான். கேட்டால் "இப்பல்லாம் இதைத்தான் தம்பி விரும்புறாக" என்கிறார். கடையில் வைத்துப் பம்பு அடித்து எரித்தும் காட்டினார். ஐந்து நிமிடம் நன்றாகவே எரிந்தது.

இந்த ஐந்து நிமிடம்தான் ஏமாற்று. பம்பு லைட் எப்படி எரிகிறது என்று தெரிந்தால் இது புரியும். டேங்கில் காற்றடித்தால் அந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் மேலே ஒரு குழாய் வழியாக ஏறும். அந்தக் குழாய் மேண்டிலுக்குப் பக்கத்திலேயே போவதால் சூட்டில் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளில் உள்ள மயிரிழைத் துவாரம் வழியாகச் சீறி, காற்றோடு கலந்து மேண்டிலுக்குள் எரியும். முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றுவது இதற்காகத்தான். கேஜில் சிவப்புக் கோடு இருக்குமே, அது ஏறத்தாழ 2 பார், அதாவது வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு கூடுதல் அழுத்தம். அழுத்தம், சூடு, எண்ணெய் மூன்றும் ஒரு சாண் இடைவெளிக்குள் இருக்கின்றன. குழாய் டேங்கோடு சேரும் மூட்டில் கசிவு வந்தால் அது நேராக நெருப்புக்குத்தான் போகும். அந்த மூட்டு முழுச் சூடு ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கடையில் ஐந்து நிமிடம் எரித்துக் காட்டினால் எந்தக் குப்பை வாசரும் தாங்கும்.

கோயிலில் தாங்கவில்லை. எங்கள் குலதெய்வம் கோயில் கண்மாய்க்கரை தாண்டி, போஸ்ட் கம்பமே கிடையாது, வருடத்துக்கு ஒரு ராத்திரிதான் கூட்டம். பூசாரி படையல் போட்டுக்கொண்டிருந்தார். லைட்டைக் கல்திண்டில் வைத்திருந்தோம், கீழே பாயில் பிள்ளைகள். நல்ல வெளிச்சம், எல்லோரும் தாத்தாவைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்புறம் மேண்டில் துடிக்க ஆரம்பித்தது, ஒளி கூடிக் கூடிக் குறைந்தது. சத்தமும் மாறியது, சீரான உஸ்ஸுக்குப் பதிலாக விட்டுவிட்டுப் புஸ் புஸ் என்று. காற்றைத் திறந்துவிடலாம் என்று நான் கையை நீட்டுவதற்குள் குழாயின் அடிமூட்டில் இருந்து மெல்லிய பீச்சல் ஒன்று வெளியே அடித்துத் தீப்பிடித்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நெருப்பு, டேங்க் மேல் வழிகிறது, காற்றுத் திருகு இருக்கும் பக்கமே எரிகிறது. கண்ணாடி படீரென்று வெடித்துப் பாயில் சிதறியது. சித்தப்பா பிள்ளைகளை இழுத்துத் தள்ளினார், மாமா பொங்கல் பானைக்குப் பக்கத்தில் கிடந்த ஈரச் சாக்கைத் தூக்கி அப்படியே மேலே போட்டார், நான் மண்ணை அள்ளிக் கொட்டினேன். அணைந்தது. பாய் கருகியதோடு போயிற்று. என் மதினி அன்று இரவு முழுக்கப் பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

மறுநாள் லைட்டை மேலூர்ப் பக்கம் ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். காலமெல்லாம் மோட்டாரும் ஸ்டவ்வும் பார்த்தவர், இப்போது கடை வைக்கவில்லை. அவர் திண்ணையில் துணி விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். அந்த அடிமூட்டில் ஈய வாசர் இருக்க வேண்டும். அங்கே இருந்தது சைக்கிள் டியூபைக் கத்திரியால் வட்டமாக வெட்டிய ரப்பர். வெட்டு நேராகக்கூட இல்லை, ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். ஒடுக்கமான பக்கம் உருகிக் கருகி நரம்பு போலத் தொங்கியது. பெரியவர் அதை ஊசி முனையில் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதை வச்சவன் கையை என்ன செய்யலாம்?" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டு போனால் ஒட்டுகிறது. அசல் குழாய் பித்தளை, காந்தம் ஒட்டாது. முலாம் பூசிய இரும்பு நகலைப் போட்டிருந்தார்கள். கேஜும் மாறியிருந்தது. காற்றே இல்லாதபோதும் அதன் முள் பாதியில் நிற்கிறது. நிப்பிள் துவாரத்தைக் கம்பி விட்டுப் பெரிதாக்கியிருந்தார்கள். வெடித்த கண்ணாடி, சூடு தாங்கும் ரகமே இல்லை, சாதாரணக் கண்ணாடி. என் போட்டோவில் இருப்பது ஜெர்மன் ஷாட் கம்பெனிக் கண்ணாடி, முத்திரை தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கண்ணாடியின் மேல் ஒரு வாளித் தண்ணீர் மழை விழுந்தாலும் தாங்கும் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார்.

கடைசியாக டேங்க். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார் பெரியவர். அடியில் இருந்து வரிசையாகக் குமிழி. அடிப்பக்கம் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது, பாலிஷ் போட்ட லைட்டுக்கு அடியில் மட்டும் ஏன் பெயிண்ட் என்று எனக்கே தோன்றியிருந்தது. சுரண்டினால் உள்ளே எம்-சீல், ஓட்டை அடைக்கிற பசை. எம்-சீலுக்குள்ளே மயிரிழை விரிசல், ஓரத்தைச் சுற்றி இரண்டு அங்குலம்.

இந்த விரிசலுக்குக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தகடாக அடித்து வளைத்த பித்தளைக்குள் ஓர் இறுக்கம் எப்போதும் இருக்கும், அதில் அம்மோனியாக் காற்றும் ஈரமும் பட்டால் தானாகவே பிளக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டில் மழைக்காலங்களில் குதிரை லாயத்தில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் இப்படித்தான் விரிசல் விட்டன, குதிரை மூத்திரத்தில் இருந்து கிளம்பும் அம்மோனியாவே காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். தாத்தா வீட்டில் இந்த லைட் தொங்கியது மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய கொட்டிலில். ஆகவே விரிசல் எப்படியும் வந்திருக்கும். ஆனால் விரிசல் விட்ட டேங்க் முடிந்துபோன டேங்க். அதை ஷோகேஸில் வைக்கலாம், எரிக்கக் கூடாது என்று சொல்வதுதான் ரிப்பேர்காரரின் கடமை. அதை எம்-சீல் போட்டு மூடி, பெயிண்ட் அடித்து மறைத்து, காசு வாங்கி, கோயிலுக்கு என்று தெரிந்தே கொடுத்துவிட்டிருக்கிறார். இதை நான் அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். மறைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தது.

கோல்மேனின் கதையும் சொல்லிவிடுகிறேன். அது மண்ணெண்ணெய் லைட்டே இல்லை. சுத்திகரித்த வெள்ளைப் பெட்ரோல் என்று ஒரு தனி எரிபொருளுக்குச் செய்தது, நம் ஊரில் அது கடையில் கிடைப்பதில்லை. கடைக்காரர் என்னைக் கேட்காமலே "மண்ணெண்ணெயில எரியிற மாதிரி மாத்திட்டேன்" என்றார். மாற்றியது என்றால் ஜெனரேட்டர் நுனியைக் குடைந்து துவாரத்தைப் பெரிதாக்கியது. இப்போது மஞ்சளாக எரிந்து கரி கக்குகிறது. பம்பு மூடியில் ஆயில் என்று ஆங்கிலத்தில் பொறித்த சின்னத் துவாரம் உண்டு, அதில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாலே தோல் விரிந்து பிடித்துக்கொள்ளும். அதைக்கூடச் செய்யாமல் தோலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் வாசர் போட்டிருந்தார். பைரெக்ஸ் முத்திரை போட்ட பழைய கண்ணாடியும் காணோம்.

கடைக்குப் போட்டோக்களோடு போனேன், சித்தப்பாவும் வந்தார். முதலில் "பழைய சாமான், இம்புட்டுத்தான் வரும்" என்றார். கேஜ் எங்கே என்றால் உடைந்துவிட்டது என்றார். உடைந்ததைக் கொடுங்கள் என்றால் காயலான் கடைக்குப் போய்விட்டது என்றார். அப்போதுதான் சித்தப்பா அலமாரியைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். "ஜெர்மன் ஒரிஜினல், 14,000" என்று அட்டை தொங்கவிட்ட ஒரு பெட்ரோமாக்ஸ். அதன் மேல் மூடியில் வீ.பெ. என்று வெட்டியிருக்கிறது! எங்கள் லைட்டில் வேறு மூடி உட்கார்ந்திருந்ததை பாலிஷ் மினுமினுப்பில் நான் கவனிக்கவில்லை, சித்தப்பாவின் கண்ணுக்கு அகப்பட்டுவிட்டது. "அது வேற ஆளு குடுத்தது" என்றார் கடைக்காரர். "எங்க அப்பா பேரை வேற ஆளு எதுக்குய்யா வெட்டி வச்சிருக்கான்?" என்று சித்தப்பா சத்தம் போட்டதும் பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். மூடியைக் கழற்றிக் கொடுத்தார். கண்ணாடி, கேஜ், குழாய் எதுவும் வரவில்லை. பணத்தில் ஆயிரம் ரூபாயைத் தூக்கிப் போட்டார், நான் எடுக்கவில்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, நடந்ததில் இருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். துண்டுச் சீட்டு பில் ஆகாது என்று கடைக்காரர் நினைக்கிறார். ஜிபேயில் அனுப்பிய பணமும் போட்டோக்களும் அந்தச் சீட்டோடு சேர்ந்தால் அது பேசும் என்று வக்கீல் சொல்கிறார். ரொக்கமாக மட்டும் கேட்கும் ரிப்பேர் கடையில் யாரும் சாமானை விடாதீர்கள்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுக்கும் முன் பாகம் பாகமாகப் போட்டோ எடுங்கள், முத்திரை, கீறல், நசுங்கல் எல்லாம் விழ வேண்டும். என்னென்ன மாற்றலாம் என்று எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகம் எதுவானாலும் எனக்கே வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், இதற்குத் தயங்குகிற ஆளிடம் லைட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். பாலிஷ் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், முலாமும் போகும், தகடும் மெலியும். வாங்கும்போது எண்ணெய் இல்லாமல் காற்று மட்டும் அடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். குழாயில் காந்தம் வைத்துப் பாருங்கள். எரித்துக் காட்டினால் ஒரு மணி நேரமாவது எரியட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

உண்மையில் பாதி ரிப்பேருக்குக் கடையே தேவையில்லை. காய்ந்த பம்புத் தோலைத் தேங்காய் எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, விரலால் ஓரத்தை விரித்துவிட்டு மாட்டினால் காற்றுப் பிடிக்கும். என் பெட்ரோமாக்ஸின் பம்புக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது என்று அந்தப் பெரியவர் சொன்னபோது வயிறு எரிந்தது.

எரிபொருளில் விளையாட வேண்டாம். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பெட்ரோமாக்ஸில் பெட்ரோல் ஊற்றுங்கள் என்று அந்தக் கடைக்காரரே இன்னொருவரிடம் சொல்லக் கேட்டேன். பெட்ரோல் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் செய்த லைட்டில் அதை ஊற்றுவது குண்டு வைப்பதற்குச் சமம். கோல்மேனிலும் பெட்ரோல் பங்க்கில் விற்கும் பெட்ரோல் வேண்டாம், இப்போது அதில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பரை அரிக்கும், மற்ற ரசாயனங்கள் ஜெனரேட்டரை அடைக்கும்.

மேண்டில் பற்றியும் ஒன்று. இம்போர்ட்டட் என்று சொல்லி 350 ரூபாய் வாங்கிய மேண்டில், உள்ளூர்க் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதுதான், உறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றே. மேண்டிலுக்கு வெளிநாட்டு மகிமை பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன், 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன்காரர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் உள்ள மோனசைட் தாது இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு, ஜெர்மனியில் மேண்டில் செய்யத் தோரியம் எடுக்க நம் குமரிக் கரை மண்ணும் போனது. தோரியம் கதிரியக்கம் உள்ளது, பழைய ரக மேண்டில்களில் இருக்கும். எரிந்த மேண்டில் சாம்பலை வாயால் ஊதாதீர்கள், சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உதறாதீர்கள், மாற்றினால் கையைக் கழுவுங்கள்.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், நாங்கள் சண்டை போட்ட அன்று அந்தக் கடையில் சணல் சுற்றி அடுக்கிய பத்துப் பன்னிரண்டு லைட்டுகளைப் பார்த்தேன். எல்லாமே தங்க நிறத்தில் மின்னின, எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்புப் பெயிண்ட். சிறுமலையிலும் கொடைக்கானல் போகிற வழியிலும் டென்ட் போட்டு ஆள் தங்க வைக்கிறவர்களுக்கு மொத்தமாகப் போகிறது என்று பையன் சொன்னான். டென்ட் துணிக்குப் பக்கத்தில் இது எரியப் போகிறது. அப்படி ஓர் இடத்தில் பளபளவென்று பித்தளை பெட்ரோமாக்ஸ் தொங்கினால், ஏற்றும் முன் தூக்கிப் பிடித்து அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புப் பெயிண்ட் இருந்தால் சுரண்டிப் பார்க்கட்டும், குழாய் மூட்டைத் திருகித் திறந்து பார்க்கட்டும். உள்ளே ரப்பர் இருந்தால் அன்று ராத்திரிக்கு டார்ச் போதும்.